பொட்டு வைத்த மவுஸ்

எங்கள் கடையின் பழைய கம்ப்யூட்டர் கரண்டு ஏறி இறங்கியதில் கருகிப்போனது. முதலாளியின் அம்மா மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தை மறுநாளே நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன், அதனால்தான் மெசின் போனது என்பது அவருடைய தீர்ப்பு.

“தொழில் பண்ற சாமான்ல வச்ச பொட்டு தானா உதிரணும்த்தா. நீ என்ன, கொழம்புச் சட்டியக் கழுவுற மாதிரில்ல கழுவி வச்சிருக்க?” என்று ஃபிளக்ஸ் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே கேட்டார்.

யார் சத்தமாகப் பேசினாலும் எனக்கு வாய் கட்டிப்போகும். வயது ஐம்பதை நெருங்குகிறது, இன்னும் பஸ்ஸில் கண்டக்டரிடம் மிச்சம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டைக்குத் தினமும் வந்து போகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடையில் ஃபிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை, போட்டோ ஃபிரேம் எல்லாம் செய்து தருவோம். நான் படித்தது பத்தாவது வரைதான். எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த பெண் கல்யாணமாகிப் போகும்போது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனதுதான் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர். அவள் எதைக் கேட்டாலும், “ரைட் க்ளிக் பண்ணுங்கக்கா, அதுலயே இருக்கும்” என்பாள். அப்படியே பழகிவிட்டேன். படத்தைக் காப்பி எடுக்க, ஒட்ட, பின்னால் தள்ள, முன்னால் கொண்டுவர எல்லாவற்றுக்கும் மவுஸின் வலது பட்டனை அமுக்குவேன், ஒரு பட்டியல் விரியும், அதில் பார்த்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த தொழில் முழுவதும் அந்த ஒரு பட்டனுக்குள்தான் இருந்தது.

முதலாளி புதிதாகக் கொண்டுவந்த கம்ப்யூட்டர், மதுரையில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து வாங்கியது. பெரிய கண்ணாடித் திரை. அதன்கூட வந்த மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதில் பட்டனே இல்லை. நடுவில் உருட்டுகிற சக்கரமும் இல்லை. தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக, வழுவழுவென்று ஒரே துண்டாக இருந்தது.

“தடவுனாலே போதும்க்கா, தானா நகரும்” என்று முதலாளி செய்துகாட்டினார். அவர் என்னைவிடச் சின்னவர், நல்ல மாதிரி. “ரைட் க்ளிக் எங்கே” என்ற கேள்வி என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதற்குள் அவருடைய அம்மா தட்டோடு வந்துவிட்டார். சூடம் காட்டி, திரையின் தலையில் ஒரு பொட்டு, பிரிண்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் மவுஸின் வலது தோளில் பெருவிரலால் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினார். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இதையாவது தானா உதிர விடுத்தா.”

மறுநாள் காலையில் முதலாளி ஃபிளக்ஸ் ரோல் எடுக்க விருதுநகர் போய்விட்டார். “வர மத்தியானத்துக்கு மேல ஆகும்க்கா. அவசரமா எதுவும் வந்தா நாளைக்குன்னு சொல்லிருங்க” என்றார். நானும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் கடை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். தலை கலைந்து, முகம் வீங்கியிருந்தது. படியில் கால் வைக்காமல் ரோட்டிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

“ஏக்கா, ஒரு போட்டா போட்டு ஃபிரேம் பண்ணணும். எங்கம்மா காலையில தவறிருச்சு.”

“உள்ள வாத்தா.”

“இல்லக்கா. சாவு வீட்லருந்து வாரேன். புதுசா பூசை போட்ருக்கீக. இங்கனயே நிக்கிறேன்.”

முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பென்டிரைவை அவிழ்த்து, படிக்கட்டில் வைத்தாள். நான் போய் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

“எடுத்துட்டு வீடு கழுவி வெளக்கேத்துவாகல்ல, அந்த வெளக்குக்குப் பின்னாடி வைக்கப் படம் வேணும்க்கா. வேற ஒண்ணும் இல்ல.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பொணத்தை எடுத்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, அது கிடந்த இடத்தில் விளக்கேற்றி வைப்பார்கள். விளக்குக்குப் பின்னால் படம் இருக்கும். சுடுகாட்டுக்குப் போன ஆம்பளைகள் குளித்துவிட்டு வந்து முதலில் அந்த விளக்கைத்தான் பார்க்க வேண்டும்.

“ஆதார் அட்டையில போட்டா இருக்குமேத்தா” என்றேன்.

“அதுல இருக்கிறது எங்கம்மா இல்லக்கா, எவளோ ஒருத்தி. கோழி திருடிப் புடிபட்ட மாதிரி முழிச்சுக்கிட்டு இருப்பா.” சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்து, அதே மூச்சில் அழுகையாக மாறியது. “எங்கண்ணன் அதையே பெருசாக்கி வச்சுருவோங்குது. நான் மாட்டேன்னுட்டேன். இதுல ஒரு படம் இருக்கு. அத்தன படத்துலயும் அது ஒண்ணுலதான் மொகத்தக் காட்டியிருக்கு.”

ஊர் எம்.ரெட்டியபட்டி. அவள் மில்லில் வேலை பார்க்கிறாள். அவள் அம்மா களை வெட்டவும் பருத்தி எடுக்கவும் போவார், விசேஷ வீடுகளில் சமையலுக்குக் கூடமாட நிற்பார். சொந்தத்தில் ஒரு காதுகுத்து நடந்தபோது கேமராக்காரர் எடுத்த படங்கள் அந்த பென்டிரைவில் இருந்தன. கேமராக்காரரிடம் இப்போது அவை இல்லை, அழித்துவிட்டாராம். அவளுடைய செல்போனிலும் இல்லை. இதெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே செல் அடித்தது. காதில் வைத்தால் கேட்காத செல் போலிருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டாள். அண்ணன் குரல் தெருவுக்கே கேட்டது.

“எங்க இருக்க?”

“கடையிலண்ணே.”

“எல்லாரும் வந்தாச்சு. நீ வந்து வாய்க்கரிசி போட்டாத்தான் தூக்கணும். பொணத்த வெயில்ல வச்சுட்டு போட்டா புடிக்கப் போயிருக்கா மகாராணி. ஐஸ் பொட்டி கூட இல்லத்தா, சொன்னாப் புரியாதா ஒனக்கு?”

“இந்தா வந்துர்றேன்.”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

பென்டிரைவைச் செருகியதும் படங்கள் வரிசை வரிசையாக வந்தன. விரலால் தடவினால் மேலும் கீழும் ஓடின. திரையை வாசல் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் ரோட்டிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பந்தல், பந்தி, மாமன் சீர், மொட்டை போட்ட பிள்ளை. பல படங்களில் ஓரத்தில் ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டோ, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டோ நின்றார்.

“அதாங்க்கா எங்கம்மா. கேமராவைக் கண்டா அப்படித்தான். தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க. அந்தா, நில்லுங்க!”

பந்தியில் எடுத்த படம். கையில் ரச வாளியோடு அந்த அம்மா பாதி திரும்பி, யாரிடமோ எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். வெற்றிலைக் காவி ஏறிய பல். உடம்பு குலுங்கியது படத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் யார் யாருடைய முழங்கையும் இலையும் நிறைந்திருந்தன.

அந்தப் படத்தைக் காப்பி எடுத்து கம்ப்யூட்டரில் வைக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. என் கை பழக்கத்தில் நடுவிரலைத் தூக்கி மவுஸின் வலது பக்கம் அமுக்கியது. பட்டியல் விரியவில்லை. படத்தைச் சுற்றி வெறும் கோடு வந்தது. மறுபடியும் அமுக்கினேன். ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி அமுக்கினேன், வேகமாக அமுக்கினேன், மெதுவாக அமுக்கினேன். படம் பெரிதாகத் திறந்தது, மூடினேன். வியர்த்தது.

“ஆகுதாக்கா?”

“ஆகுதுத்தா.”

இழுத்துப் போட்டால் காப்பி ஆகும் என்று முதலாளி ஒருமுறை சொன்ன ஞாபகம். படத்தின் மேல் விரலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். பட்டன் இல்லாத பொருளில் எவ்வளவு அமுக்க வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவளுடைய செல் மறுபடி அடித்தது. திடுக்கிட்டுப் பிடியை விட்டேன். திரையின் அடியில் சின்னச் சின்ன அடையாளங்கள் வரிசையாக இருக்கும், அதன் கடைசியில் இருந்த குப்பைத்தொட்டிக்குள் படம் விழுந்தது. காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. காதுகுத்துப் படங்களில் அது இருந்த இடத்துக்கு அடுத்த படம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவள் செல்லை எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

“ஏக்கா, எங்கம்மா எங்க?”

பழைய கம்ப்யூட்டரில் பென்டிரைவிலிருந்து ஒன்றை அழித்தால் அழித்ததுதான். குப்பைத்தொட்டிக்குக் கூட வராது. ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுப் படம் அப்படிப் போய், முதலாளி அவர்கள் காலில் விழாத குறையாக நின்றது எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணத்தில் இன்னும் ஆயிரம் படம் இருந்தது. இந்த அம்மாவுக்கு இருந்தது இது ஒன்று.

“எங்கம்மா எங்கக்கா?” இந்தத் தடவை குரல் மாறியிருந்தது. அவள் படியேறிவிட்டாள். அரை வழியில் ஒரு கணம் நின்றாள். பிறகு, “தீட்டாவது ஒண்ணாவது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள்மேல் ஊதுவத்தி வாசமும் வியர்வை வாசமும் அடித்தன.

“கை தவறிருச்சுத்தா. குப்பையில விழுந்துருச்சு.”

“எடுங்க.”

குப்பைத்தொட்டியைச் சொடுக்கினேன். திறந்தது. உள்ளே அந்தப் படம் இருந்தது. எனக்கு உயிர் வந்தது. இந்த மெசினில் அது தங்கும் போலிருக்கிறது. சின்னதாக, வாளியோடு சிரித்துக்கொண்டு, பழைய ஸ்டுடியோக்காரர் போட்ட வேறு குப்பைகளுக்கு நடுவே அந்த அம்மா நின்றார். இரண்டு தடவை சொடுக்கினேன். குப்பையில் இருப்பதைத் திறக்க முடியாது என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டேன். அந்த ஜன்னலின் மேல் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் இருந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். குப்பையைக் காலி செய்வது.

பழைய மெசினில் என்றால் ரைட் க்ளிக் பண்ணினால், இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பு என்று வரும். இதிலும் இருக்க வேண்டும். ஆனால் ரைட் க்ளிக் எங்கே? மறுபடி இழுத்து வெளியே போடலாம்தான். இன்னொரு தடவை இழுக்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தக் காலி செய்கிற பட்டனுக்குப் பக்கத்தில் என் கையைக் கொண்டுபோகவே பயமாக இருந்தது. கீபோர்டில் கன்ட்ரோல் என்ற கட்டையை அமுக்கிக்கொண்டு சொடுக்கினாலும் அதே பட்டியல் விரியும் என்று பல நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

“மொதலாளிக்குப் போன் போடுங்கக்கா” என்றாள்.

“வண்டியில போய்க்கிட்டு இருப்பாரு.”

“இருக்கட்டும். போடுங்க.”

“எடுக்க மாட்டாருத்தா.”

“நீங்க போடவே இல்லையேக்கா!” என்று கத்தினாள். உண்மைதான். நானாக முதலாளிக்கு அதுவரை போன் போட்டதே இல்லை. எதுவானாலும் அவர் வந்த பிறகு சொல்வேன். எண்ணைத் தேடி எடுத்தேன். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கப் போனபோது எடுத்தார். பின்னால் லாரி ஹாரன் சத்தம்.

“என்னக்கா?”

நான் சொன்னது எனக்கே விளங்கவில்லை. அவள் என் கையிலிருந்து செல்லைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அண்ணே, எங்கம்மா படம் குப்பையில கெடக்கு. ரைட் க்ளிக்கு வேலை செய்யல. அது எங்கன இருக்குன்னு சொல்லுங்க.”

முதலாளி சொன்னார். “நான் அத ஆன் பண்ணாமயே வந்துட்டேன் போல. மேல இடது மூலையில க்ளிக் பண்ணச் சொல்லுங்க. செட்டிங்ஸ். அதுல மவுஸுன்னு கீழ கெடக்கும். செகண்டரி க்ளிக்குன்னு இருக்கும் பாருங்க, அதான் ரைட் க்ளிக்கு, அது ஆஃப்ல இருக்கும். வலது பக்கம்னு மாத்திருங்க. தங்கச்சி, அந்தக் குப்பையக் காலி பண்ற பட்டன மட்டும் தொட்ராதீக.” வண்டியைக் கிளப்புகிற சத்தத்தோடு போன் அறுந்தது.

மூலை, செட்டிங்ஸ், மவுஸ். ஒவ்வொன்றாகத் தேடினேன். அவள் என் தோளுக்கு மேலே குனிந்து என்னோடு சேர்ந்து எழுத்துக்கூட்டினாள். மில்லில் மெசின் பலகையில் இங்கிலீஷ் படித்துப் பழக்கமாம். இரண்டு பேரும் பாதிப் பாதி படித்தோம். ஆஃப் என்று இருந்த இடத்தைச் சொடுக்கியதும், வலது பக்கம், இடது பக்கம் என்று இரண்டு விரிந்தது. வலதை வைத்தேன். பக்கத்தில் ஒரு சின்னப் படம் ஓடியது. ஒரு கை இதே மாதிரி வெள்ளை மவுஸின் மேல் அசைந்து அசைந்து செய்துகாட்டியது.

குப்பைக்குத் திரும்பி வந்தேன். படத்தின் மேல் அம்பை வைத்து நடுவிரலால் அமுக்கினேன்.

பட்டியல் விரியவில்லை.

மறுபடி அமுக்கினேன். விரியவில்லை. அவளுடைய செல் அடித்தது. அவள் எடுத்தாள்.

“ஏத்தா, பாடை கட்டியாச்சு” என்றார் அண்ணன். இப்போது அவர் கத்தவில்லை. “தண்ணி ஊத்தப் போறாக. நீ வாரியா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

“வாரேண்ணே. செத்த பொறுத்துக்கச் சொல்லு.”

“படம் கெடக்கட்டும்த்தா. அம்மாவே இங்கதான இருக்கு. ஆள வந்து பாரு.”

அவள் செல்லை வைத்தாள். திரையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். இரண்டில் எது என்று அவள் தவித்தது என் முதுகுக்குத் தெரிந்தது. நான் எழுந்து, “நீ போத்தா” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், படத்தை எடுக்க முடியாது என்று நான் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

“ஏக்கா, நில்லுங்க.” அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நீங்க ஏன் அங்கன அமுக்க மாட்டேங்கிறீக?”

“அமுக்குறேனேத்தா.”

“இல்லக்கா. அந்தப் பொட்டு வந்ததும் விரலு ஒதுங்கி நடுவுல வந்துருது. அந்தக் கையப் பாருங்க.” திரையில் ஓடிக்கொண்டிருந்த கையைக் காட்டினாள். “அது நல்லா ஓரத்துல அமுக்குது. இன்னொரு விரல மேல தூக்கி வச்சிருக்கு. நீங்க அதையும் படுக்கப் போட்டு வச்சிருக்கீக.”

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. சந்தனப் பொட்டு அப்படியே சேதாரமில்லாமல் இருந்தது. காலையிலிருந்து நான் அந்த மவுஸைப் பிடித்திருக்கிறேன், ஒரு துளி குங்குமம் கலையவில்லை. எனக்கே தெரியாமல் என் விரல் அந்தப் பொட்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

இடது பக்கத்தை ரைட் க்ளிக்காக மாற்றிவிடலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. மாற்றினால் சாதாரண சொடுக்குக்கு விரல் வலது பக்கம் போக வேண்டும். அங்கேயும் பொட்டுதான்.

“கை பட்டா கோவிப்பாகத்தா” என்றேன். சொன்ன பிறகுதான், அம்மாவைப் பறிகொடுத்தவளிடம் போய்ப் பொட்டுக்காகப் பயப்படுகிறேன் என்று உறைத்தது.

அவள் கோபப்படவில்லை. “யாரு?”

“மொதலாளியோட அம்மா. போன மெசினு நான் பொட்டத் தொடச்சதாலதான் போச்சுன்னு சொல்றாக.”

“நீங்க தொடைக்க வேண்டாம். நான் தொடைக்கிறேன். சாவு வீட்டுக்காரி தெரியாம வந்து தொட்டுட்டான்னு சொல்லுங்க. என்னைய வஞ்சுட்டுப் போகட்டும்.” கையை நீட்டினாள்.

அவள் கை மவுஸுக்குப் போவதற்குள் நான் அமுக்கிவிட்டேன். ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக்கொண்டு, நடுவிரலைப் பொட்டின் நட்டநடுவில் வைத்து அமுக்கினேன். காய்ந்த சந்தனம் நொறுங்கியது. பட்டியல் விரிந்தது.

இருந்த இடத்தில் திருப்பி வை என்று அர்த்தம் வருகிற வரி மேலேயே இருந்தது. அதைச் சொடுக்கினேன். குப்பைத்தொட்டியில் அந்த அம்மா இல்லை. பென்டிரைவைத் திறந்தால் மற்ற படங்களுக்கு நடுவில், தன்னுடைய பழைய இடத்தில் சிரித்துக்கொண்டு நின்றார். மறுபடியும் நடுவிரலை அதே இடத்தில் அமுக்கிக் காப்பி எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒட்டினேன். சந்தேகத்துக்கு இன்னொரு இடத்திலும் ஒட்டினேன்.

“கெடைச்சிருச்சாக்கா?”

“கெடைச்சிருச்சு. இனிமே போகாது.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தும்விட்டாள்.

“இனி எவ்வளவு நேரம் ஆகும்?”

பின்னால் இருக்கிற ஆட்களை எடுக்க வேண்டும், வெளிச்சம் கூட்ட வேண்டும், பிரிண்டு போட்டு ஃபிரேமில் மாட்ட வேண்டும். சொன்னேன். அவள் முகம் விழுந்தது. அவ்வளவு நேரம் நின்றால் அம்மாவைத் தூக்கிவிடுவார்கள்.

“நீ போத்தா” என்றேன். “வாய்க்கரிசி போடு. நான் கொண்டுக்கிட்டு வாரேன்.”

அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்கே பந்தி முடிகிற நேரம் பார்த்துப் போய் ஓரமாக நின்றுவிட்டு வருகிற ஆள் நான்.

“வந்துருவீகளா?”

“வந்துருவேன்.”

“மொகம் மட்டும் போதும்க்கா” என்று படியிறங்கினாள். ரோட்டில் நின்று திரும்பினாள். “இல்லக்கா, வாளியும் இருக்கட்டும். வாளி இல்லாம எங்கம்மாவ எவன் பாத்திருக்கான்.” ஓடிப்போய் ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டாள்.

அந்த வேலையை நான் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை. முழங்கைகளை எடுத்தேன், இலைகளை எடுத்தேன், பந்தல் துணியை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஆள்காட்டி விரலைத் தூக்கு, ஓரத்தில் அமுக்கு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். விரலைத் தூக்க மறந்தால் பட்டியல் வராது. தெரியாமல் தடவிவிட்டால் படம் எகிறி எங்கேயோ ஓடும், தேடிப்பிடித்துக் கொண்டுவர வேண்டும். பின்னால் நீலத்தைப் போட்டேன். அந்தச் சிரிப்புக்கு நீலம் ஒட்டவில்லை. எடுத்துவிட்டு லேசான சந்தன நிறம் போட்டேன். பிரிண்டர் இழுத்து இழுத்து அச்சடித்தபோது, எங்கே கரண்டு போய்விடுமோ என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றேன். போகவில்லை. கடையில் தயாராக மாட்டியிருந்த ஃபிரேம்களில் ஒன்றைக் கழற்றி, படத்தை வைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். வேலை நேரத்தில் நான் கடையைப் பூட்டியது அதுதான் முதல் தடவை.

ஷேர் ஆட்டோவில் ஃபிரேமை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். எதிரே இருந்த ஒரு அம்மா, “யாருத்தா, ஒங்கம்மாவா?” என்று கேட்டார். இல்லையென்றால் எல்லாவற்றையும் விளக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டேன். “நல்லா சிரிச்சாப்ல இருக்காக” என்று சொல்லி, அவர் காலை ஒடுக்கிக்கொண்டு எனக்கு இடம் விட்டார். வழியெல்லாம் கருவேல மரமும் காய்ந்த காடும் ஓடின. ஆட்டோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளுக்காக நின்றது. “சீக்கிரம் எடுப்பா” என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. மூன்றாவது நிறுத்தத்தில் சொல்லியும்விட்டேன். டிரைவர் கண்ணாடியில் ஃபிரேமைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ரெட்டியபட்டியில் வீட்டைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ரோட்டில் பூ சிதறிக் கிடந்தது. அது எந்த வீட்டிலிருந்து தொடங்கியதோ அந்த வீட்டுக்குப் போனேன். பொணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் கழுவிய தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. உள்ளே பொம்பளைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒரு பெரிய மனுசி சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

“வீடு கழுவி எம்புட்டு நேரம் ஆச்சு? வெளக்கு வைக்காம வச்சிருக்கா. ஆம்பளைக திரும்பி வார நேரம். படம் வருமாம், படம்! எவ கொண்டாரப் போறா?”

“வருவாக பெரியம்மா” என்றது அவள் குரல். “வாரேன்னாக.”

நான் வாசலில் ஃபிரேமை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். தெருமுனையில் ஈர வேட்டியோடு ஆம்பளைகள் வருவது தெரிந்தது. முன்னால் மொட்டை போட்ட ஒருவர். அவர்தான் அண்ணனாக இருக்க வேண்டும். அவர்கள் வந்துவிட்டால் முடிந்தது.

“ஏத்தா!” என்று கூப்பிட்டேன். கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருந்தேன்.

அவள் ஓடிவந்து வாங்கினாள். படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “ஓடியாந்து வாய்க்கரிசி போட்டுட்டேன்க்கா. கடைசி ஆளாப் போட்டுட்டேன்” என்று மட்டும் சொன்னாள். ஈரத் தரையில் ஒரு பலகை போட்டு, சுவரில் சாய்த்துப் படத்தை வைத்தாள். விளக்கை முன்னால் வைத்து ஏற்றினாள். சத்தம் போட்ட பெரிய மனுசி கண்ணைச் சுருக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

ஆம்பளைகள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஒவ்வொருவராக நிலையைத் தாண்டி உள்ளே வந்தார்கள். அண்ணன் விளக்குக்கு நேரே வந்து நின்றார். கும்பிடக் கையெடுத்தவர் கும்பிடவில்லை. ரொம்ப நேரம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நின்றாள். ஏதாவது சொல்லித் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ரச வாளியோடயா போட்டிருக்க?” என்றார்.

“ஆமாண்ணே.”

அவர் குத்தவைத்து உட்கார்ந்தார். “வெளக்க இப்படித் தள்ளு” என்றார் தங்கச்சியிடம். “கண்ணாடியில வெளிச்சம் அடிச்சு அம்மா மொகம் தெரிய மாட்டேங்குது.”

அவள் தள்ளினாள். “இன்னுங் கொஞ்சம்” என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. என்னைப் போன்ற ஆளுக்கு அது ஒரு வசதி. வாசலில் வடிந்துகொண்டிருந்த தண்ணீரைத் தாண்டி, ரோட்டுக்கு வந்து ஆட்டோவுக்கு நின்றேன்.